பெயிண்ட் அடித்து மறைத்த பழைய பையை வாங்கி ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள்

பழைய கைப்பை, பர்ஸ், பெல்ட் எல்லாம் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். "அசல் தோல், அதிகம் பயன்படுத்தாதது" என்று போட்டிருந்த ஒரு கறுப்புத் தோள்பையைப் படத்தை மட்டும் நம்பி வாங்கினேன். வந்தபோது புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. லேசாகப் பெயிண்ட் வாடை அடித்தது, கைப்பிடியைத் தொட்டால் விரல் கொஞ்சம் ஒட்டியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ரொம்ப நாள் மூடி வைத்திருந்திருப்பார்கள் என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டே வாரம்தான். கைப்பிடி வளைகிற இடத்தில் கோடு கோடாக வெடித்தது, வியர்வை பட்டு வெள்ளைச் சட்டையின் தோளில் கறுப்புக் கறை, எத்தனை முறை துவைத்தும் அது போகவில்லை. வெடித்த இடத்தை நகத்தால் நெருடினேன். பெயிண்ட் ஏடு ஏடாக உரிந்து வந்தது, அதோடு சேர்ந்து அடியில் இருந்த 'தோலும்' உரிந்து, நெய்த துணி வெளியே தெரிந்தது. அசல் தோல் பிய்ந்தால் உள்ளே நார் நாராகத்தான் இருக்கும், துணி இருக்காது. என்னிடம் வந்தது துணி மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிய செயற்கைத் தோல், பியூ (பாலியூரித்தேன்) என்பார்களே அது. அந்தப் பூச்சு காற்றில் உள்ள ஈரத்தாலேயே சிதையக்கூடியது, அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் சில வருடங்களில் உதிர ஆரம்பித்துவிடும். அப்படி உதிர்கிற பூச்சின் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அதுவும் சேர்ந்துதான் விழும்.

விற்றவரிடம் கேட்டால் முதலில் பெயிண்டே அடிக்கவில்லை என்றார். உரிந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பியதும் "அது பாலிஷ்" என்றார், அப்புறம் "நீங்கள் நனைத்திருப்பீர்கள், பழைய பொருளுக்கெல்லாம் பொறுப்பேற்க முடியாது" என்றார், அதோடு பதிலே இல்லை.

பெயிண்ட் அடிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நானே ஒரு பழைய தோல் பர்ஸை அப்படிப் புதுப்பித்து வைத்திருக்கிறேன், இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். பழைய மெழுகும் மேல்பூச்சும் போகும்வரை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும், ஏஞ்சலஸ் போன்ற தோலுக்கென்றே வரும் அக்ரிலிக் பெயிண்டை மெல்லிசாகப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு அடிக்க வேண்டும், கடைசியில் பெயிண்டைப் பாதுகாக்கும் ஃபினிஷர் பூச வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு கைக்குக் கிடைத்த சாதாரண பெயிண்டை ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் படம் எடுக்கிறவரைக்கும்தான் தாங்கும். (பியூ மேல் அசிட்டோனை வைத்துவிடாதீர்கள், பூச்சு இளகிப் பிசுபிசுத்துவிடும்.)

சரி, வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது? தையலைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நூலின் முறுக்கே தெரியாமல் நிறத்துக்குள் மூழ்கியிருந்தால் அது மேலே அடித்த பெயிண்ட். ஜிப் ஓரத்திலும் வளையங்களிலும் தீற்றல் இருக்கிறதா, அச்சு முத்திரையின் பள்ளம் நிரம்பி மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக மூலைகள்: எந்தப் பையும் முதலில் தேய்வது அங்கேதான், உள்துணி அழுக்கேறிப் பழசாகவும் மூலைகள் மட்டும் புதுசாகவும் இருந்தால் நம்பவே நம்பாதீர்கள். நேரில் பார்க்க முடிந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் அடிப்பக்கம் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஏறினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெயிண்ட் அடித்ததா, அடியில் இருப்பது தோலா பியூவா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் அதைக் கேட்கவே இல்லை.

அதே ஆள் இப்போது ஒரு பழுப்பு நிறப் பையை அதே வாசகத்தோடு விற்பனைக்குப் போட்டிருக்கிறார். தோழி ஒருத்தியை விட்டு மூலைகளின் படம் கேட்கச் சொன்னேன், இன்னும் வரவில்லை.