31 மாட்கள், 900 மாட்கள்: ஸ்கைரிமில் நான் எந்தப் பக்கம்

ஸ்கைரிம் என்கிற கணினி விளையாட்டில், ரசிகர்கள் செய்து தரும் மாற்றக் கோப்புகளான மாட்கள் என்னுடையதில் 31. தேவகோட்டையில் இருக்கும் சித்தப்பா மகன் தம்பியுடையதில் 900க்கு மேல். இரண்டும் ஒரே ஸ்பெஷல் எடிஷன்தான், இரண்டு லேப்டாப்பும் காரைக்குடியில் ஒரே கடையில் ஒரே மாதத்தில் வாங்கியவை. போன பொங்கலுக்கு இரண்டு பேரும் பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டில் கூடியபோது, இரண்டையும் அருகருகே வைத்து நான்கு நாள் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தோம். நான் சின்ன மாட் பட்டியல் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் பக்கத்து நியாயத்தையும் குறைக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

அழகில் அவனுடையதுதான் மேலே, அதில் பேச்சே இல்லை. 2011 நவம்பரில் வெளிவந்த ஆட்டம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆட்டத்தில் வரும் ரிவர்வுட் ஊரின் ஆற்றோரம் புல் முழங்காலுக்கு நிற்கிறது, வெயில் இலை வழியாக இறங்குகிறது, ஆட்களின் முகம் முகம் மாதிரி இருக்கிறது. என்னுடையதில் ஆட்டத்தின் பிழைகளைத் திருத்தும் அன்அஃபிஷியல் பேட்ச், மெனு திரைகளைச் சீராக்கும் ஸ்கை யூஐ, சாமான்களின் உருவத்தைச் செதுக்கித் தரும் எஸ்எம்ஐஎம், சாலைகள் தெரியும் ஒரு நல்ல வரைபடம், வேறு இடத்தில் கதையைத் தொடங்க விடும் ஆல்டர்னேட் ஸ்டார்ட், இன்னும் சில்லறை கொஞ்சம். இடம் என்று பார்த்தால் அவனுடையது 200 ஜிபிக்கு மேல் பிடிக்கிறது. எஸ்எஸ்டி சின்னதாக இருப்பவர்களுக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

ஏற்றுவதில் வேலை எனக்குத்தான் அதிகம். அவன் எடுத்தது யாரோ கோத்து வைத்த ஆயத்தப் பட்டியல், வாபஜாக் என்கிற கருவி மொத்தத்தையும் தானே இறக்கி, தானே அடுக்கிவிடும். ஆனால் மாட்கள் கிடைக்கும் நெக்ஸஸ் தளத்தில் சந்தா கட்டாதவர் ஒவ்வொரு மாட்டுக்கும் தானே பொத்தானை அழுத்த வேண்டும், அதனால் ஒரு மாதச் சந்தா கட்டிக்கொண்டான். நான் 31-ஐயும் ஒவ்வொன்றாகப் படித்து, மாட்களை அடுக்கும் மென்பொருளான மாட் ஆர்கனைசரில் ஏற்றி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஆட்டத்தைத் திறந்து பத்து நிமிடம் நடந்து பார்த்தேன். இரண்டு வாரச் சாயங்காலம் போனது. அவனுக்கு ஒரு ராத்திரி. இந்தக் கட்டம் வரை ஜெயிப்பது அவன்தான்.

அதற்கு அப்புறம் வருவது பராமரிப்பு. நான் இந்தப் பக்கம் நிற்பதற்குக் காரணம் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாட்களை இரண்டு ரகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படம், உருவம், ஒலி, கதை மாற்றுபவை ஒரு ரகம். ஆட்டத்தின் எந்தப் பதிப்பு என்பது இவற்றுக்குப் பெரும்பாலும் பொருட்டில்லை. இன்னொரு ரகம் எஸ்கேஎஸ்இ என்கிற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தின் உள்ளேயே கைவைப்பவை, டிஎல்எல் கோப்பாக வருபவை. ஆட்டத்தின் இயங்கு கோப்பு ஒரு முறை மாறினால் உள்ளே ஒவ்வொன்றும் இருக்கிற முகவரியும் இடம் மாறும், எஸ்கேஎஸ்இ புதிதாக வர வேண்டும், அதை நம்பி நிற்கும் டிஎல்எல்களும் ஒவ்வொன்றாக ஒத்துவர வேண்டும். அந்த முகவரிகளைத் தொகுத்துத் தரும் அட்ரஸ் லைப்ரரி என்று ஒன்று இந்த வேலையைக் குறைக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. 1.5.97 என்ற பதிப்பில் இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தவர்களுக்கு 2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷனோடு 1.6 வந்தபோது பல டிஎல்எல்கள் திரும்பவும் செய்யப்பட வேண்டியதாயிற்று. அப்புறம் 2023 டிசம்பரில் 1.6.1130, அடுத்த மாதமே 1.6.1170. இன்றும் 1.5.97-ஐ விட்டு நகராமல் ஆடுபவர்கள் உண்டு, காரணம் இதுதான்.

என் 31-இல் இந்த ரகம் மூன்று. அப்டேட் வந்தால் மூன்று பக்கத்தைத் திறந்து பார்ப்பேன், வந்திருந்தால் மாற்றுவேன், இல்லையென்றால் காத்திருப்பேன். அவன் பட்டியலில் நூற்றுக்கு மேல். அத்தனையையும் அவன் பார்க்க முடியாது, பட்டியலைக் கோத்தவர்தான் பார்க்க வேண்டும். அவர் பார்த்துப் புதுப் பட்டியல் வெளியிட்டால் பல நேரம் கூடவே ஒரு வரியும் வரும்: பழைய சேவ் (ஆட்டத்தைச் சேமித்த கோப்பு) செல்லாது, புதிதாகத் தொடங்குங்கள். அவன் ஒன்றைத் தானாகச் சேர்த்தாலோ எடுத்தாலோ அதற்கு மேல் யாரிடமும் உதவி கேட்க முடியாது, பட்டியலில் கைவைத்தால் பொறுப்பு உங்களுடையது என்பது அந்த உலகத்தில் எழுதப்பட்ட விதி. (ஆட்டம் வாங்கும் ஸ்டீம் தளத்தில், ஆட்டத்தைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகட்டும் என்று வைத்துவிட்டு, எப்போதும் மாட் ஆர்கனைசர் வழியாக எஸ்கேஎஸ்இ-யைத் திறப்பது இரண்டு பக்கத்தாருக்கும் நல்லது. இதை இன்னும் செய்யாதவர்கள் இன்றைக்கே செய்துவிடுங்கள்.)

அடுத்தது மோதல். ஆட்டத்தில் வரும் ஒயிட்ரன் ஊரை ஒரு மாட் மரம் நட்டு மாற்றுகிறது, இன்னொன்று சந்தையைப் பெரிதாக்குகிறது, மூன்றாவது தெருவில் ஆட்களைக் கூட்டுகிறது. ஒரே இடத்தை மூன்றும் தொட்டால் கடைசியாக ஏறுவது சொல்வதுதான் செல்லும், மற்ற இரண்டும் அரைகுறையாக நிற்கும். மூன்றையும் சமாதானப்படுத்த நான்காவதாக ஒரு பேட்ச் வேண்டும். ஆட்டத்தில் ஏறும் மாட் கோப்பான பிளகின், முழு வகையில் 254-க்கு மேல் ஏறாது, இலகு வகையில் 4096 வரை ஏற்றலாம். அந்த இலகு வகை இருப்பதால்தான் இவ்வளவு பெரிய பட்டியல்கள் நிற்கின்றன, அதில் நிறைய இந்தச் சமாதான பேட்ச்கள்தான்.

நாங்கள் உட்கார்ந்து ஆடிய வீடே இப்படித்தான் இருக்கிறது. பங்காளிகள் 11 பேர். வளவு என்கிற நடு முற்றத்தின் ஓரத்தில் ஒழுகுகிற இடத்தில் நாலு ஓடு மாற்ற ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து சரி சொல்ல வேண்டும், ஒருவர் மலேசியாவிலிருந்து. அப்பத்தா புழங்குவது அடுப்படி, வளவில் இரண்டு அறை, சாமி அறை, அவ்வளவுதான், மற்றதெல்லாம் பூட்டு. புழங்குகிற அந்த இடத்தில் ஆத்தங்குடிக் கல் முகம் தெரிகிற மாதிரி இருக்கும், தினமும் அவரே துடைக்கிறார். பூட்டிய அறைகளில் உத்தரத்துச் செதுக்கு வேலை இதைவிட அழகு, ஆனால் சாவி எங்கே என்று தேட அரை நாள் போகும். தம்பியிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, அந்த அழகை ஒரு தடவையாவது பாக்கணும்ல" என்றான். அதுவும் நியாயம்தான், மறுக்க மாட்டேன்.

மூன்றாவது சேவ் கோப்பு. இதில் நான் பட்டிருக்கிறேன். முதல் ஆட்டத்தில் 60 மணி நேரம் தாண்டிய பிறகு, கூடாரம் போட்டுத் தங்குவதற்கான மாட் ஒன்று பிடிக்காமல் போய் நடுவில் எடுத்துவிட்டேன். ஸ்கிரிப்ட் உள்ள மாட் தன் நிலையை சேவ் கோப்புக்குள் எழுதி வைக்கும், வெளியே எடுத்தாலும் உள்ளே எழுதியது போகாது. காட்டில் சுற்றும்வரை எதுவும் தெரியவில்லை. ஒயிட்ரன் கோட்டைக் கதவில் கைவைத்தால் ஆட்டம் உறைந்து நிற்கும். ஐயாயிரம் தங்கம் சேர்த்து வாங்கிய ப்ரீஸ்ஹோம் வீடு அந்தக் கதவுக்குப் பின்னால், கூட வரும் துணை லிடியாவும் அங்கேதான். பழைய சேவ் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, கடைசியில் 22 மணி நேரத்தை விட்டுக்கொடுத்துப் பின்னால் போனேன். ஏழெட்டு மாட்கள் இருந்ததால் எது காரணம் என்று ஒரே ராத்திரியில் கண்டுபிடித்தேன். 900-இல் எப்படித் தேடுவது?

இதெல்லாம் ஆடும் விதத்தையே மாற்றிவிடுகிறது. தம்பி இந்த ஒரு வருடத்தில் ஆட்டத்தில் ஆறு ஆள் (கதாபாத்திரம்) தொடங்கினான், எதுவும் லெவல் 20 தாண்டவில்லை. பட்டியல் மாறும்போதெல்லாம் புது ஆள், புது ஆளுக்கு ஆர்டினேட்டர் என்ற மாட்டில் 400க்கு மேல் பெர்க் (லெவல் ஏறும்போது எடுக்கும் தனித்திறன்) காத்திருக்கும்போது வேறு வழியில் போகத் தோன்றத்தானே செய்யும். என் ஆள் ஒன்றே. 140 மணி நேரம் ஆகிறது.

மாட் குறைவாக இருந்தால் சலிக்காதா என்று கேட்பார்கள். நான் விதிகளை ஆட்டத்துக்குள் வைக்காமல் எனக்கு வைத்துக்கொள்கிறேன். முதல் விதி, வில் கிடையாது. எல்லோரும் எந்த ஆளைத் தொடங்கினாலும் கடைசியில் இருட்டில் பதுங்கி அம்பு விடுபவராக முடிவதற்குக் காரணம் கணக்குதான்: பதுங்கி விட்டால் இரண்டு மடங்கு, பெர்க் எடுத்தால் மூன்று மடங்கு, அதுவும் தூரத்திலிருந்து, ஆபத்தே இல்லாமல். கத்திக்கு பெர்க் எடுத்தால் 15 மடங்கு, ஆனால் பக்கத்தில் போக வேண்டும். வில்லை எடுத்துவிட்டால் ஒவ்வொரு குகையும் புதுக் குகை. கேடயம், ஒற்றைக் கை வாள், காயம் ஆற்றும் மந்திரம், இவ்வளவுதான் என்னிடம்.

இரண்டாவது, சர்வைவல் மோடு. 2021-இல் ஸ்பெஷல் எடிஷன் வைத்திருந்த எல்லோருக்கும் இலவசமாக வந்தது, தனி மாட் வேண்டாம். பசி, குளிர், களைப்பு உண்டு, நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது, படுக்கையில் தூங்கினால்தான் லெவல் ஏறும். பொங்கல் மறுநாள் மத்தியானம் ஐவர்ஸ்டெட் ஊரிலிருந்து மலைமேல் இருக்கும் ஹை ஹ்ரோத்கர் மடத்துக்கு ஏறினேன், 7000 படி என்று சொல்லப்படும் மலைப்பாதை. சூடான சூப் மூன்று கிண்ணம், கையில் தீவட்டி. பாதிக்கு மேல் பனி திரையை மூடிவிட்டது, பனிப் பூதம் எந்த வளைவில் நிற்கும் என்று தெரிந்தும் கை வேர்த்தது. லிடியா பின்னால் வருகிற காலடிச் சத்தம் மட்டும்தான் துணை. அப்பத்தா பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டே பார்த்திருக்கிறார். "ஏன் ராசா, எம்புட்டு நேரமா நடக்குற, இன்னும் ஊரு வரலையா?" என்று கேட்டார். வந்துருச்சு அப்பத்தா என்றேன். மடத்துக் கதவு தெரிந்தபோது அவரும் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தம்பி மெஷினில் இதே ஏற்றத்தை ஏறினேன், பனி இன்னும் அழகாக விழுந்தது, ஆனால் அந்த ஆள் எனக்கு யாரோ.

சண்டையைப் பற்றி நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அவன் பட்டியலில் தடுப்பது, உருள்வது, அடி விழும்போது தள்ளாடுவது எல்லாம் கை உணர்கிறது, என்னுடையதில் வாள் பஞ்சில் இறங்குகிற மாதிரிதான். ஆனால் நான் அங்கே ஆடியது நான்கு சாயங்காலம், முப்பது மணி நேரம் தாண்டியும் அது இனிக்குமா என்று சொல்ல அது போதாது. விட்சர் 3 என்ற இன்னொரு ஆட்டத்திலும் இதே கணக்குதான் என்று நினைக்கிறேன். 2022 டிசம்பரில் 4.0 வந்தபோது பழைய ஸ்கிரிப்ட் மாட்கள் பல ஓடாமல் போயின. ஆனால் அதில் நான் போட்டது இரண்டே மாட்கள், அதை வைத்துப் பெரிதாகப் பேச முடியாது. ஸ்கைரிமை மூன்று நான்கு முறை முடித்துவிட்டு, ஒரு மாதம் புதிதாக ஏதாவது பார்க்க வேண்டும் என்பவருக்கு ஆயத்தப் பட்டியல் சரியாக இருக்கும். தொடங்கிய ஆளோடு கடைசி வரை போக நினைப்பவருக்கு நான் சொல்வது முப்பது, மிஞ்சிப் போனால் நாற்பது.

நடுவில் ஆசை வராமல் இல்லை. வந்தால் ஒரு நோட்டில் பெயரை எழுதி வைப்பேன், இந்த ஆள் முடியும் வரை ஏற்ற மாட்டேன். இப்போது அதில் ஆறு பெயர் இருக்கிறது. ஆறாவது, தம்பி பட்டியலிலிருந்து எடுத்த அந்த ஆற்றோரப் புல்.