வேல்ஸ் ரக்பி: 2005 வெற்றியா, 2008 வெற்றியா?

ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் இரண்டுமே கிராண்ட் ஸ்லாம். அதாவது ஐந்து ஆட்டம், ஐந்திலும் வெற்றி. ஆனால் வென்ற பிறகு நடந்ததுதான் வேறு.

2005-இல் கார்டிஃபில் இங்கிலாந்தை 11-9 என்று வீழ்த்திய அந்த உதையைச் சொல்லாமல் முடியாது. ஜெல் தடவி நிமிர்த்திய முடி, வெள்ளி நிற பூட்ஸ், ஆட்டம் முடியும் நேரம், நாற்பது மீட்டருக்கும் அப்பால் பந்து. கேவின் ஹென்சன் உதைத்தார், உள்ளே போனது. தொடர் முடிந்தபோது கையில் 1978-க்குப் பிறகு கிடைத்த முதல் கிராண்ட் ஸ்லாம். 27 வருடப் பசி என்றால் சும்மாவா? நாடே தலைகால் புரியாமல் ஆடியது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2006 தொடரின் பாதியிலேயே பயிற்சியாளர் மைக் ரடாக் போய்விட்டார். வீரர்களோடு அவருக்கு ஒத்துவரவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. 2007 உலகக் கோப்பையில் ஃபிஜியிடம் 38-34 என்று தோற்று வெளியேற்றம். ரடாக்குக்கு அடுத்து வந்த பயிற்சியாளரும் மறுநாளே வீட்டுக்கு.

2008 தொடருக்கு முன் பயிற்சியாளராக வந்தவர் நியூசிலாந்துக்காரர் வாரன் காட்லண்ட். ஆட்டத்தில் அழகு கொஞ்சம் குறைவுதான். தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஷான் எட்வர்ட்ஸ் கட்டிய தடுப்பாட்டத்தில் தொடர் முழுக்க விட்டுக்கொடுத்தது இரண்டே டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி). 2009-இல் நான்காம் இடத்துக்குச் சரிந்தார்கள். ஆனாலும் இந்த முறை யாரும் பயிற்சியாளரைத் துரத்தவில்லை. பலன், 2012-இலும் 2019-இலும் மறுபடி கிராண்ட் ஸ்லாம்.

பார்த்து ரசிக்க எனக்கு 2005-தான். அணியை நடத்தச் சொன்னால் யோசிக்காமல் 2008. ஆனால் அதே காட்லண்ட் 2022 இறுதியில் திரும்பி வந்தபோது கதை மாறியது: தோல்வி மேல் தோல்வி, 2025 பிப்ரவரியில் விலகல்.