அப்பாவின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: போட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

பத்து வருடம் தாண்டிய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இதுதான் அப்பாவின் லேப்டாப். அதில் விண்டோஸ் 10-ஐ எடுத்துவிட்டு, இலவச ஓஎஸ்ஸான (ஆபரேட்டிங் சிஸ்டம்) லினக்ஸ் மின்ட் 22.2-ஐப் போட்டேன், எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. அப்பா கடிதம் அடிப்பது, செய்தி படிப்பது, பேரனோடு வீடியோவில் பேசுவது எல்லாம் இப்போது அதில்தான். என் கணிப்பில் இந்த மாதிரி மெஷினுக்கு இன்று இதைவிடப் பொருத்தமான ஓஎஸ் இல்லை. சில இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும், அவற்றையும் சொல்கிறேன்.

முதலில், ஏன் மாற்ற வேண்டும்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தாலும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. அப்பாவின் மெஷினுக்கு அந்தக் கதவே கிடையாது. விண்டோஸ் 10-ஐயே மறுபடி ஃபார்மேட் அடித்துப் போட்டால் கொஞ்ச நாளுக்கு வேகமாக இருக்கும், ஆனால் பாதுகாப்பு ஓட்டை எதுவும் அடைபடாது. பேங்க் வேலை பார்க்கிற லேப்டாப்பை அப்படி விட எனக்கு மனமில்லை. மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு.

மின்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் முழு ஓஎஸ்ஸையும் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. லைவ் செஷன் என்பார்கள். புது கம்ப்யூட்டருக்கு இது ஒரு வசதி, அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டருக்கோ இதுதான் உயிர்நாடி. ஏனென்றால் பழைய மெஷினில் எந்தச் சிப் ஒத்துழைக்கும், எது முரண்டு பிடிக்கும் என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கீ வேலை செய்கிறதா, டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்த முடிகிறதா, கேமரா தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூடியை மூடித் திறந்தும் பாருங்கள். தூங்கிய மெஷின் ஒழுங்காக எழுந்திருக்காவிட்டால் பிற்பாடு தினமும் அது ஒரு தொல்லை.

லைவ் செஷனில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மெனுவில் ‘டிஸ்க்ஸ்’ என்று ஒரு ஆப் இருக்கும். அதில் ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஸ்மார்ட் தகவலை (டிஸ்க் தன் ஆரோக்கியத்தைத் தானே குறித்துவைக்கும் பதிவு) திறந்தால் ஒரு நீண்ட அட்டவணை வரும். பயந்துவிட வேண்டாம், இரண்டு வரி போதும். ஐந்தாம் எண், டிஸ்க் தானே ஒதுக்கிவைத்துவிட்ட பழுதான செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு துண்டுகள்) எண்ணிக்கை. 197-ஆம் எண், படிக்கத் திணறிக்கொண்டிருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது. 197-இல் எண் ஏறியிருந்தால் ஓஎஸ் போடுவதை நிறுத்திவிட்டு முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள். ‘விண்டோஸ் மெதுவாகிவிட்டது’ என்று சொல்லப்படும் பல லேப்டாப்புகளில் மெதுவானது விண்டோஸ் அல்ல, டிஸ்க். அப்பாவுடையதிலும் அந்த எண் ஏறித்தான் இருந்தது. அதனால் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி மாற்றினேன், காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேமும் போட்டேன். எந்த ஓஎஸ் போட்டாலும் 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு சுறுசுறுப்பை எதிர்பார்க்க முடியாது. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் வரும் என்றால் எஸ்எஸ்டிக்கே செலவழியுங்கள், ரேம் அப்புறம்.

ஃபைல்களை வெளியே எடுப்பதற்கும் லைவ் செஷன் உதவும், ஆனால் ஒரு விஷயம். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் செய்த பிறகும் அந்த டிஸ்க் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. காப்பி எடுக்க அது போதும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் மட்டும் ரெகவரி கீ கையில் இல்லாமல் தொடங்கவே கூடாது.

டவுன்லோட் செய்த ஐஎஸ்ஓ ஃபைலை (முழு ஓஎஸ்ஸும் அடங்கிய ஒற்றை ஃபைல்) அப்படியே நம்பாமல், ஃபைலின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் இணையதளத்தையே யாரோ உடைத்து, டவுன்லோட் சுட்டியை மாற்றி, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவைக் கொடுத்தார்கள். மின்ட் குழு உடனே அதை வெளிப்படையாக அறிவித்தது, அந்த நேர்மைக்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை. ஆனால் அப்படி ஒன்று நடக்கும் என்பதும் அன்றைக்குத் தெரிந்துபோனது. விண்டோஸிலேயே சர்ட்யூட்டில் என்ற கட்டளை இந்த எண்ணைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும், தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் முடிந்தது. பென் டிரைவில் ஏற்ற ரூஃபஸ் என்ற சிறு சாஃப்ட்வேர் போதும். பழைய பயாஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படை சாஃப்ட்வேர்) உள்ள மெஷின் என்றால் ரூஃபஸில் பார்ட்டிஷன் முறையாக எம்பிஆரைத் தேர்ந்தெடுங்கள்.

இன்ஸ்டாலேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான், அழுத்தினால் மொழி, கீபோர்டு, நேரம், பெயர், பாஸ்வேர்ட் என்று வரிசையாகக் கேட்கும். ‘மல்டிமீடியா கோடெக்’ (பாட்டு, வீடியோ ஓட உதவுவது) என்ற கட்டத்தில் மறக்காமல் டிக் போடுங்கள். புது எஸ்எஸ்டி என்பதால் டிஸ்க் முழுவதையும் கொடுத்துவிட்டேன். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் மட்டும் டிஸ்க்கைப் பிரிக்கும் பார்ட்டிஷன் பக்கத்தில் நிதானமாக நிற்க வேண்டும்.

எழுந்து வந்த பிறகு நடந்துகொள்ளும் விதம் அருமை. எக்ஸ்எஃப்சிஇ பளபளப்பானது இல்லை. இடதுபக்கக் கீழ் மூலையில் மெனு, கீழே டாஸ்க்பார், வலதுபக்கம் கடிகாரம். விண்டோஸ் 7 பழகிய அப்பாவுக்கு எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ‘இது என்ன, பழைய மாதிரியே இருக்கே’ என்றார், சந்தோஷமாகத்தான் சொன்னார். அப்டேட் வந்தால் ஒரு ஓரத்தில் சின்னக் குறி காட்டும், வேலையின் நடுவே ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி வற்புறுத்தாது. கூடவே வரும் டைம்ஷிஃப்ட் எனக்குப் பெரிய நிம்மதி: ஓஎஸ்ஸை அவ்வப்போது படம்பிடித்து வைக்கிறது, ஏதாவது அப்டேட் கெடுத்துவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். சொந்த ஃபைல்களை அது பேக்கப் எடுக்காது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். படிப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், எழுத்துகள் சுத்தமாகத் தெரிகின்றன. அடிப்பதற்குத்தான் கொஞ்சம் வேலை. கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ்99 என்ற பெயரில் ஒரு லேஅவுட் இருக்கிறது, ஆனால் மெய்யும் உயிரும் தானாகச் சேர்வது, ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் புள்ளி தானாக விழுவது போன்ற தமிழ்99-இன் முழு விதிகளும் வேண்டுமென்றால் ஐபஸ் என்ற உள்ளீட்டு சாஃப்ட்வேர், அதோடு பல மொழி லேஅவுட்டுகள் கொண்ட எம்17என் தொகுப்பு இரண்டையும் போட்டு, உள்ளீட்டு முறையாக ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து வர வேண்டும். ஒலிபெயர்ப்பு முறையில் (ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழைப் பெறுவது) அடிப்பவர்களுக்கும் அதே தொகுப்பில் இடம் உண்டு. புதிதாக வருகிற தமிழருக்கு இதை முதல் திரையிலேயே கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்பாவிடம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் ஏராளம். லிப்ரேஆபிஸில் (மின்ட்டோடு வரும் ஆபிஸ் தொகுப்பு) திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒன்றும் புரியாமல் வந்து நிற்கும். பழைய டிஸ்க்கில் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினி ஃபைலை எடுத்துவந்து இங்கே சேர்த்ததும் எல்லாம் தமிழானது. டிஸ்க்கை அழிக்கும் முன் அந்த ஃபோல்டரையும் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று இதற்காகவே அழுத்திச் சொல்கிறேன்.

வீடியோவில்தான் மெஷினின் வயது தெரிகிறது. இது ஓஎஸ்ஸின் குறை அல்ல. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற சுருக்க வடிவங்களில்தான் வீடியோவை அனுப்புகிறது. இரண்டாம் தலைமுறை இன்டெல் சிப்பில் எச்.264 என்ற பழைய வடிவத்தைப் பிரிக்கத் தனிச் சர்க்யூட் இருக்கிறது, இந்த இரண்டுக்கும் இல்லை, இவற்றைப் பிராசஸரே தலையில் சுமக்க வேண்டும். ஃபேன் அலறத் தொடங்கிவிடும். எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் ஒரு சிறு எக்ஸ்டென்ஷனை ஃபயர்ஃபாக்ஸில் சேர்த்து, 720பி-யில் வைத்த பிறகு சத்தம் அடங்கிவிட்டது. வைஃபை சிப்புக்குத் தனி டிரைவர் தேவைப்பட்டது. போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தைப் பகிர்வது) போட்டதும் இணையம் வந்தது, டிரைவர் மேனேஜர் மீதியைப் பார்த்துக்கொண்டது. கடிகாரம் ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்கே ஓடினால் மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல்லை மாற்றுங்கள். தேதி தவறாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்ப மறுக்கும், நாமோ இணையம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு சாஃப்ட்வேரோ, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ தினசரித் தேவை என்றால் மாறுவதற்கு முன் அது லினக்ஸில் ஓடுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேர்ட் ஃபைல்கள் லிப்ரேஆபிஸில் திறக்கும், ஆனால் கட்டமும் அட்டவணையும் நிறைந்த படிவங்களில் வரி நகர்ந்துபோகலாம். ரேம் 2 ஜிபி என்றாலும் மின்ட் ஏறிவிடும், பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். 32 பிட் பிராசஸர் உள்ள மெஷினுக்கு மின்ட் 22 ஏறவே ஏறாது, டெபியன் என்ற வேறொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மின்ட்டின் இன்னொரு வடிவமான எல்எம்டிஇயில் 6 வரைதான் 32 பிட் பதிப்பு இருந்தது, அடுத்து வந்த 7-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட மெஷினுக்கு எஸ்எஸ்டி வாங்கிச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.