எஃப் 30 காற்று ஆணித் துப்பாக்கி: வாங்கலாம், ஆனால் றப்பர்களையும் சேர்த்து வாங்குங்கள்

புறக்கோட்டை குவாரி வீதியில் எந்த ஹார்ட்வெயார் கடையில் கேட்டாலும் எஃப் 30 பிறாட் கன் (மெல்லிய ஆணிகளைக் காற்றழுத்தத்தால் அடிக்கும் துப்பாக்கி) எடுத்துக் காட்டுவார்கள். பெட்டியில் பெயர் மாறும், நிறம் மாறும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். 18 கேஜ் ஆணி (கேஜ் எண் குறையக் குறைய ஆணி தடிக்கும்), 10 முதல் 30 மில்லிமீற்றர் வரை நீளம், மகசினில் 100 ஆணிகள் கொண்ட ஒரு பட்டை, வேலை அழுத்தம் 60 முதல் 100 பிஎஸ்ஐ. பன்ட்ரி கபட்டின் பின்பலகை, லாச்சியின் அடிப்பலகை, பீடிங், கதவு நிலையைச் சுற்றி வரும் மோல்டிங் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். பாரம் தாங்கும் மூட்டுக்கு இதை நம்பவே கூடாது. அங்கே இந்த ஆணி பசை காயும் வரை பலகையைப் பிடித்துக்கொள்ளும் கிளிப் மட்டுமே.

விலைக்கு நல்ல சாமான் என்பதே எங்கள் முடிவு. ஆனாலும் “இரண்டு மாதத்தில் பழுதாகிவிட்டது” என்று மூலையில் போடப்படும் எஃப் 30கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றின் உலோக பாகங்களில் ஒரு குறையும் இருக்காது. குறை இருப்பது காற்றிலும் றப்பரிலும். அதைப் புரிந்துகொள்ள உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விசையை அழுத்தியதும் மேலே உள்ள ஹெட் வால்வு திறந்து, தேங்கியிருந்த காற்று பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனோடு பொருத்திய டிரைவர் பிளேட் ஆணியை அடித்து இறக்குகிறது. பிஸ்டன் இறங்கும்போதே கொஞ்சக் காற்று சிலிண்டரின் துளைகள் வழியாகப் பக்கத்து அறைக்குள் போய்ச் சேரும். விசையை விட்டதும் மேலே உள்ள காற்று வெளியேற, பக்கத்து அறையில் சேர்ந்த காற்று பிஸ்டனைத் திரும்ப மேலே தூக்கும். பிளேட் முழுதாக மேலே போனால்தான் மகசினில் உள்ள புஷர் அடுத்த ஆணியை அதன் பாதைக்குள் தள்ள முடியும். பிளேட்டைத் திருப்பிக் கொண்டுவர ஸ்பிரிங் எதுவும் இல்லை, காற்றின் வேலை அது. ஆகவே எங்காவது சிறு கசிவு வந்தால் முதலில் கெடுவது அடியின் வேகமல்ல, திரும்பி வரும் பயணம்.

பரவலான முறைப்பாடு, “ஒன்று அடிக்குது, அடுத்தது வெறும் காற்றாப் போகுது” என்பது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: பிளேட் திரும்பி வரவில்லை, அல்லது ஆணி முன்னேறவில்லை. பிரித்தறிவது இலகு. ஹோஸைக் கழற்றுங்கள், ஆணிப்பட்டையை எடுங்கள். மீண்டும் காற்றைக் கொடுத்து, 60 பிஎஸ்ஐயில், ஒரு வெட்டுத்துண்டுப் பலகையில் மூக்கை (ஆணி வெளிவரும் முனையை) வைத்து ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். பிறகு ஹோஸைக் கழற்றிவிட்டு மகசினைப் பின்னால் இழுத்து ஆணி வரும் பாதையை டோர்ச் அடித்துப் பாருங்கள். பிளேட்டின் நுனி பாதைக்குள் தெரிந்தால் திரும்பும் பயணத்தில் கோளாறு. பாதை வெறுமையாக இருந்தால் பிளேட் சரி, மகசினைப் பார்க்க வேண்டும். ஆணி இல்லாமல் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்காதீர்கள். அந்த வேகம் முழுவதையும் அடியில் உள்ள பம்பர் றப்பர்தான் வாங்கிக்கொள்ளும்.

பிளேட் திரும்பவில்லை என்றால் முதல் மருந்து எண்ணெய். காற்று நுழையும் வாயில் இரண்டு மூன்று துளி காற்றுக்கருவி எண்ணெய் விட்டு, ஆணி போட்டு, வெட்டுத்துண்டில் பத்துப் பன்னிரண்டு அடி அடியுங்கள். காற்றைக் கசியவிடாமல் அடைக்கும் றப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்துபோனதுதான் காரணம் என்றால் அதிலேயே சரியாகிவிடும். கையில் கிடைக்கும் எஞ்சின் ஒயில், துருநீக்கும் ஸ்பிரே, தின்னர், பெற்றோல் எதுவும் உள்ளே போகக் கூடாது. தின்னரும் பெற்றோலும் றப்பரை ஊதச் செய்யும், ஊதிய ரிங் சிலிண்டரில் இறுகும். “கழுவினேன், அதுக்குப் பிறகுதான் மோசமாச்சு” என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எண்ணெய்க்கு மசியாவிட்டால் மேல்மூடியைக் கழற்ற வேண்டும். ஹோஸ் கழன்றிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நான்கு அலன் போல்ட்களையும் மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிஸ்டனைச் சிலிண்டருக்குள் கட்டைவிரலால் தள்ளினால் மெல்லிய பிடிப்போடு நகர வேண்டும். தன் பாரத்திலேயே விழுந்தால் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் ஒன்றில் ரிங் ஊதியிருக்கிறது அல்லது பிளேட் வளைந்து உரசுகிறது. பம்பரில் வெடிப்போ உதிர்ந்த துண்டோ இருந்தால் மாற்றிவிடுங்கள். அது போய்விட்டால் ஆணித்தலை அளவுக்கு மேல் ஆழமாக இறங்குவதும் ஒரு அறிகுறி.

கழற்றாமலே கசிவைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. காற்றைக் கொடுத்துவிட்டு, மூக்கை ஆளில்லாத பக்கம் வைத்துக் கேளுங்கள். விசையடியில் சீறினால் விசை வால்வின் ஓ-ரிங். விசையைத் தொடாதபோதே தலைப்பக்கத் துவாரத்தால் காற்று வந்தால் ஹெட் வால்வின் ரிங். மூடிக்கும் உடலுக்கும் இடையில் என்றால் போல்ட் தளர்வு அல்லது கஸ்கட். மூக்குப் பக்கம் என்றால் போல்ட், அங்குள்ள ரிங், அல்லது பம்பர். சத்தம் பிடிபடாவிட்டால் சவர்க்கார நுரையைத் தடவுங்கள்.

ஓ-ரிங்குக்கு, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இருக்கிறது. பழைய ரிங்கைக் காட்டி வாங்குவதோடு நிறுத்தாதீர்கள், அது நசுங்கியும் இழுபட்டும் அளவு மாறியிருக்கும். சிலிண்டரின் உள்விட்டத்தையும் பிஸ்டன் பள்ளத்தின் விட்டத்தையும் அகலத்தையும் வேர்னியரால் அளந்து கொண்டு போங்கள். எண்ணெய் படும் இடமென்று சொல்லி நைட்ரைல் றப்பர் கேளுங்கள். ஆனாலும் துப்பாக்கியை வாங்கும் நாளிலேயே அதற்குரிய றிப்பெயார் கிட், ஒரு பம்பர், ஒரு டிரைவர் பிளேட் ஆகியவற்றை அதே கடையில் எடுப்பதுதான் மேல். உதிரிப்பாகம் தர முடியாத கடையில் துப்பாக்கியையும் வாங்க வேண்டாம்.

இனி மகசின் பக்கம். எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகப் படிந்து புஷரைத் தாமதப்படுத்தும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், அங்கே எண்ணெய் விடக் கூடாது. ஆணி மாறிப் போவதும் நடக்கிறது. எஃப் வகை ஆணியின் குறுக்களவு ஏறக்குறைய 1.25க்கு 1 மில்லிமீற்றர். டி (T) வகை 16 கேஜ், அதைவிடத் தடிப்பு. பி (P) வகை குண்டூசிபோல மெலிந்தது. இரண்டுமே இதற்கு ஒத்துவராது. மலிவான பட்டைகளில் பசை வலுவில்லாமல் நடுவில் உடையும், உடைந்த துண்டு சாய்ந்து நின்று அடைக்கும். இரண்டு ஆணி ஒரே அடியில் வந்து சிக்கினால் பிளேட் நுனியைப் பாருங்கள். அது சதுரமாக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் அரத்தால் நேராக்கலாம், ஆனால் அராவ அராவ பிளேட் குட்டையாகி ஆணித்தலை வெளியே நிற்கும். எங்களைக் கேட்டால் மாற்றிவிடுவதே சரி. முன்தகட்டின் போல்ட் தளர்ந்தாலும் இதே சிக்கல்தான், ஆகவே முதலில் அலன் கீயை எடுங்கள்.

கொழும்பில் இந்தச் சாமானுக்குப் பெரிய எதிரி ஈரம். கடற்கரைக் காற்றை அமுக்கும் கொம்பிறசர் தாங்கியின் அடியில் தண்ணீர் சேரும். அதை நாள் முடிவில் திறந்து வடிக்காவிட்டால் அந்தத் தண்ணீர் ஹோஸ் வழியாக வந்து எண்ணெயைக் கழுவிவிடும், வால்வுகளில் உள்ள ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். தண்ணீரைப் பிரித்து அழுத்தத்தைச் சீராக்கும் ஒரு ஃபில்டர் ரெகுலேற்றர் போடுவது வீண் செலவல்ல. ஒரு துப்பாக்கிக்கு 1 குதிரைவலு, 24 லீற்றர் கொம்பிறசர் போதும். ஆணி அடிக்கும் நேரத்தில் அழுத்தமானியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 90 பிஎஸ்ஐ காட்டி, அடிக்கும்போது பெரிதாக விழுந்தால் ஹோஸ் ஒடுக்கம் அல்லது மிக நீளம்.

100 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றி மரத்தின் கடினத்தை வெல்லப் பார்க்க வேண்டாம். முதிரை, முற்றிய பலா போன்றவற்றில் 30 மில்லிமீற்றர் ஆணி பாதியில் வளைந்து நிற்பது துப்பாக்கியின் குற்றமல்ல. 20 அல்லது 25 மில்லிமீற்றர் ஆணிக்கு இறங்குங்கள்.

பாதுகாப்பில்தான் இதற்குப் புள்ளி குறைக்கிறோம். கடைகளில் கிடைக்கும் பலவற்றில் மூக்கை அழுத்தினால் மட்டுமே சுடும் பூட்டு இல்லை. விசை பட்டால் ஆணி பறக்கும். கண்ணாடி போடாமல் தொட வேண்டாம். துப்பாக்கியில் ஆண் பிளக், ஹோஸில் பெண் கப்ளர் என்றுதான் பொருத்த வேண்டும். மாற்றிப் பொருத்தினால் ஹோஸைக் கழற்றிய பிறகும் உள்ளே காற்று அடைபட்டு நிற்கும், சிக்கிய ஆணியை எடுக்கும் விரலை அது பதம் பார்க்கும்.

நாள் முழுக்க இதே வேலை செய்யும் தச்சுப் பாஸ்மாருக்கு மகிடா ஏஎஃப் 506 போன்ற 15 முதல் 50 மில்லிமீற்றர் வரை அடிக்கும் கருவி பொருந்தும். விலை பல மடங்கு, ஆனால் மூக்குப் பூட்டும் ஆழம் திருத்தும் வசதியும் உண்டு. வாரத்தில் ஒரு கபட் செய்பவருக்கு எஃப் 30 போதும். ஆணிப் பெட்டிகளை மட்டும் மூடி இறுகிய டின்னில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் வையுங்கள். துருவேறிய பட்டையை எவ்வளவு நல்ல துப்பாக்கியும் ஒழுங்காகத் தள்ளாது.