கேம்பர் வேனுக்கு அலாரம் ஒன்றா, இரண்டா?

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேனுக்குள் தூங்குகிறவர்களுக்கு வரும் குழப்பம்: புகைக்கும், அடுப்போ கரியோ எரியும்போது வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கும் சேர்த்து ஒரே அலாரமா, தனித்தனியா?

செலவு: சேர்ந்தது பெரும்பாலும் மலிவு.

இடம்: புகைக்குக் கூரை. கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து பரவும். அதன் அலாரம் படுக்கும் உயரத்தில் இருப்பது நல்லது. தனித்தனி என்றால்தான் இது முடியும்.

தொல்லை: வேனில் மிளகாய் தாளித்தாலே புகை அலாரம் அலறும். எரிச்சலில் பேட்டரியைக் கழற்றினால், சேர்ந்ததில் மணமே இல்லாத வாயுவுக்கான காவலும் போச்சு! எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

உள்ளே சமைப்பவர்களுக்குத் தனித்தனி. வெளியே சமைத்து உள்ளே தூங்க மட்டும் என்றால் சேர்ந்ததே போதும். எது இருந்தாலும் கரிச்சட்டியை உள்ளே வைக்காதீர்கள். சிலிண்டர் கசிவை இரண்டுமே காட்டாது. அதற்குத் தரையோரமாக வேறொன்று வேண்டும்.