டி.எல்.ஆர்.4 ரிப்போர்ட்டர் செல்கள்: வாங்கலாம், ஆனால்…

நான் ஒரு கல்லூரியில் செல் கல்ச்சர் அறையைப் பார்த்துக்கொள்பவள். ஏதாவது ஒரு மூலிகைச் சாற்றை எப்பென்டார்ஃப் குழாயில் போட்டு எடுத்துவந்து, "மேடம், இது அழற்சியைக் குறைக்குதான்னு பார்க்கணும்" என்று நிற்கும் மாணவர்கள் எங்களிடம் அதிகம். அவர்களுக்காகத்தான் டி.எல்.ஆர்.4 ரிப்போர்ட்டர் செல்களை வாங்கினோம். டி.எல்.ஆர்.4 என்பது பாக்டீரியாவின் வரவை உணர்ந்து செல்லில் அழற்சியைத் தொடங்கிவைக்கும் புரதம்; அது தூண்டப்பட்டதை இந்தச் செல்கள் நிறமாற்றத்தால் காட்டும். வேறு கல்லூரித் தோழிகள் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

வயலில் (சிறு குப்பியில்) வருவது ஹெச்.இ.கே. 293 என்ற, மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்கள். சிலவகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் எல்.பி.எஸ். என்ற நச்சுப்பொருளைக் கொட்டினாலும் சாதாரண ஹெச்.இ.கே. கண்டுகொள்ளாது, அதற்கு டி.எல்.ஆர்.4 கிடையாது. அதனால் டி.எல்.ஆர்.4, அதற்குத் துணைநிற்கும் எம்.டி.2, சி.டி.14 புரதங்கள் ஆகிய மூன்றின் ஜீன்களையும் உள்ளே வைத்து, கூடவே தூண்டலைக் காட்டிக்கொடுக்கும் ஒரு ரிப்போர்ட்டர் ஜீனையும் சேர்த்து விற்கிறார்கள்.

இதன் அருமை ரிப்போர்ட்டரை மாட்டியிருக்கும் இடத்தில் இருக்கிறது. 1986-இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்த என்.எஃப்.-கப்பா பி என்ற, ஜீன்களை எழுப்பும் புரதம், சும்மா இருக்கும் செல்லில் ஐ-கப்பா-பி என்ற புரதத்தின் பிடியில் நியூக்ளியஸுக்கு வெளியே கிடக்கும். எல்.பி.எஸ். வந்து டி.எல்.ஆர்.4-இல் பட்டதும் செய்தி கைமாறிக் கைமாறி ஐ.கே.கே. என்ற கைனேஸுக்குப் போகிறது. அது ஐ-கப்பா-பி-யின் இரண்டு செரின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அப்புறம் அதன்மேல் யுபிக்விட்டின் என்ற அழிப்பு முத்திரை ஏறுகிறது, செல்லின் குப்பை அரைப்பானான புரோட்டியாசோம் அதை அரைத்துத் தள்ளுகிறது. பிடி விட்டதும் என்.எஃப்.-கப்பா பி, அதாவது பி65-பி50 புரத ஜோடி, நியூக்ளியஸுக்குள் புகுந்து, டி.என்.ஏ.வில் பத்தெழுத்து நீளமுள்ள கப்பா பி தளங்களில் உட்காருகிறது. டி.என்.எஃப்., ஐ.எல்.-6, ஐ.எல்.-8 என்ற அழற்சிப் புரதங்களின் ஜீன்கள் எழுவதில் இந்த ஜோடிக்குப் பெரிய பங்கு. ரிப்போர்ட்டரில் இதே தளங்களை வரிசையாக வைத்து, அவற்றின் கட்டுப்பாட்டில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற ஓர் என்சைமை மாட்டியிருக்கிறார்கள். செல் அதை மீடியாவில், அதாவது தான் வளரும் திரவத்தில், விடும். அந்த என்சைம் பட்டால் நிறம் மாறும் சப்ஸ்ட்ரேட் மீடியாவிலேயே இருப்பதால் இளஞ்சிவப்பு நீலமாகும். சாயங்காலம் எல்.பி.எஸ். போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் நீலம். ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் போதும். புரதங்களை ஜெல்லில் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் போட்டுத் தூக்கம் கெட்டவர்களுக்கு இதன் சுகம் தெரியும்.

தடுப்பதையும் நன்றாகவே காட்டுகிறது. நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு, பி50-இன் 62ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டு அது டி.என்.ஏ.வில் உட்காராமல் செய்யும். தூய்மையாக வாங்கி, அளவாகப் போட்டால் அந்த வெல்களில் (பிளேட்டின் குழிகளில்) நீலம் வெளிறிவிடுகிறது. ஒவ்வொரு பிளேட்டிலும் அதற்கு ஒரு வரிசை ஒதுக்கியிருக்கிறேன்.

சரி, இப்போது தொல்லைகள். பாதிக்குமேல் நம் சாறுகளின் குற்றம், பழி மட்டும் செல்லின்மேல்.

காயவைத்து இடித்த இலையில் பாக்டீரியா இருக்கும், அதனால் எல்.பி.எஸ்.ஸும் இருக்கும். கொதிக்கவைத்தாலும் ஆட்டோகிளேவில் வைத்தாலும் அது எளிதில் போகாது. "என் சாறு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது" என்று துள்ளிக் குதிக்கும் முன் பாலிமிக்சின் பி சேர்த்துப் பாருங்கள். அது எல்.பி.எஸ்.ஸைப் பிடித்துக்கொள்ளும். நீலம் காணாமல் போனால் தூண்டியது அநேகமாக மூலிகை இல்லை, அழுக்கு. நான் பார்த்தவரை பல சாறுகள் இங்கேயே உதிர்ந்துவிடுகின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு. சாறு செல்லைக் கொன்றுவிட்டால் நீலம் வராது. அதை "அழற்சி குறைந்தது" என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்.டி.டி. சோதனை போடாமல் இந்தச் செல்களைத் தொட வேண்டாம். பாஸ்பேட்டேஸ் என்சைமையே நேரடியாக முடக்கும் சாறுகளும் இருக்கலாம். நீலமான மீடியாவில் சாற்றைத் தனியாகக் கலந்து பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். எத்தனால் விட்டு எடுத்த பச்சை இலைச் சாறு என்றால் இன்னொரு வம்பு. நிறத்தை 620 முதல் 655 நானோமீட்டருக்குள் அளக்கச் சொல்கிறார்கள், குளோரோபில் உறிஞ்சுவதும் அந்தப் பக்கம்தான். சாறு மட்டும் போட்ட வெல் இல்லாத பிளேட்டை நான் ரீடரில் வைக்க விடுவதில்லை. மீடியாவில் சேர்க்கும் சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் வைக்க மறந்தால், சீரத்திலுள்ள பாஸ்பேட்டேஸே எல்லா வெல்லையும் நீலமாக்கிவிடும்.

செல்லின் சொந்தக் குறை வேறு. நிஜத்தில் என்.எஃப்.-கப்பா பி உள்ளே போனதும் ஐ-கப்பா-பி ஆல்ஃபாவின் ஜீனையும் எழுப்பிவிடும். புதிதாக உருவாகும் அந்தப் புரதம் ஒரு மணி நேரத்துக்குள் அதை மறுபடி வெளியே இழுக்கத் தொடங்கும். டி.என்.எஃப். கொடுத்த செல்களில் இப்படி உள்ளும் வெளியும் அலைபாய்வதை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். பாஸ்பேட்டேஸோ மீடியாவில் சேர்ந்துகொண்டே போகிறது. எழுந்தது தெரியும், அடங்கியது தெரியாது. அது மட்டுமா? மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்புச் செல்லில் டி.என்.எஃப். ஜீன் சட்டென்று எழும், ஐ.எல்.-6 ஜீனைச் சுற்றியுள்ள குரோமாட்டின் (டி.என்.ஏ.-புரதப் பொதி) விலகிய பிறகே அது வேலை செய்யும். ரிப்போர்ட்டருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. இதில் நீலம் குறைந்ததை வைத்து "ஐ.எல்.-6 குறைகிறது" என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார். அதற்கு மேக்ரோஃபேஜும், ஜீன் எவ்வளவு எழுந்தது என்று அளக்கும் கியூ-பி.சி.ஆரும்தான் வேண்டும்.

விலை கையைக் கடிக்கும், உலர் பனிக்கட்டியில் வருவதால் சுங்கத்தில் தாமதமானால் வயிறு கலங்கும். நிறையச் சாறுகளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் லேபுக்குக் கொடுத்த பணம் தகும்; ஒரே ஒரு மாணவரின் ப்ராஜெக்ட்டுக்கு என்றால் பக்கத்து லேபில் கேட்டுப் பாருங்கள். வாங்கினால் டி.எல்.ஆர்.4 இல்லாத ஜோடிச் செல்லையும் ஒப்பிடுவதற்காகச் சேர்த்து வாங்குங்கள், காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை விட்டுவிடாதீர்கள். வயல் வந்ததும் முதல் இரண்டு மூன்று பாசேஜுக்குள் (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்க்கும் சுற்றுக்குள்) பெருக்கி திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள். இருபது பாசேஜ் தாண்டினால் நீலம் மங்குகிறது.