அடியில் எழுதிய தேதி: மலிவு விலைக் கடைப் பொருட்களோடு ஐந்து ஆண்டுகள்

மலிவு விலைக் கடையில் எது வாங்கினாலும், வீட்டுக்கு வந்ததும் அழியாத மார்க்கரை எடுத்து, அதன் அடியில் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதிவிடுவேன். எழுத இடமில்லாத பொருள் என்றால் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். அது உடைந்து குப்பைக்குப் போகிற அன்று தேதியைப் பார்த்து, எத்தனை மாதம் உழைத்தது, எந்த இடத்தில் உடைந்தது என்று நோட்டில் ஒரு வரி சேர்ப்பேன். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக இது நடக்கிறது. வாங்கின புதுசில் எல்லாப் பொருளும் பளபளவென்றுதான் இருக்கும். அதன் உண்மையான விலை என்ன என்பது போகும்போதுதான் தெரியும்.

முதலில் துணி கிளிப். நோட்டில் அதிக வரிகள் பிடித்தது இதுதான். பல நிறங்களில் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடியிலேயே விட்டுவைத்திருந்தேன். ஓராண்டு முடிவதற்குள் நிறம் வெளுத்தது. தொட்டால் விரலில் சுண்ணாம்புபோல் மாவு ஒட்டியது. அடுத்த சில வாரங்களில் அழுத்தியதும் 'டப்'பென்று முறிந்து, கம்பிச் சுருள் ஒரு பக்கமும் பிளாஸ்டிக் துண்டு ஒரு பக்கமுமாகத் தெறித்தன. காரணம் வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர், கிளிப்பின் பிளாஸ்டிக்கான பாலிப்ரொப்பிலீனின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடுகிறது. அதைத் தாங்குவதற்கான மருந்தைப் பிளாஸ்டிக்கோடு கலக்க வேண்டும். விலையைக் குறைக்கும்போது அதில்தான் கை வைப்பார்கள் என்று நினைக்கிறேன். அதே பாக்கெட்டிலிருந்து நாலு கிளிப்பை வீட்டுக்குள் பை வாயை மூடப் பயன்படுத்தினேன். அவை இன்றும் அப்படியே இருக்கின்றன. ஒரே அச்சில் வார்த்த பொருள்தான், வைத்த இடம்தான் வேறு. இது புரிந்ததிலிருந்து, வெயிலில் கிடக்கப்போகிற பிளாஸ்டிக்கை அங்கே வாங்குவதில்லை. வாங்கியே ஆக வேண்டுமென்றால் கறுப்பு நிறத்தை எடுப்பேன். கறுப்புக்காகச் சேர்க்கும் கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தடுக்கக்கூடியது.

மூடி போட்ட டப்பாக்களுக்கு வருகிறேன். அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன். என்ன பிளாஸ்டிக் என்று சொல்வதற்குத்தான் அந்த எண், தரத்துக்கான முத்திரை இல்லை. ஆனாலும் வாங்குகிறவருக்கு அது பெரிய உதவி. கண்ணாடிபோல் தெளிவாக, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் 6-ஆம் எண் டப்பாக்கள் மூன்று வாங்கினேன். மூன்றும் மூலையில் விரிசல் விட்டே போயின. ஒன்று மேசை உயரத்திலிருந்து விழுந்த அன்றே போய்விட்டது. சற்று மங்கலாக, அழுத்தினால் வளைந்துகொடுக்கும் 5-ஆம் எண் டப்பாக்களில் ஒன்றுகூட உடையவில்லை. டப்பாவோடு ஒரே துண்டாக வார்த்த கீல் மூடிக்கும் இந்தப் பிளாஸ்டிக்தான் சரி, ஆயிரக்கணக்கான முறை மடித்தாலும் அறாது. கடையில் டப்பாவைக் கவிழ்த்துப் பார்க்கக் கூச்சமே வேண்டாம்.

பேட்டரி செல் விஷயத்தில் பட்டது வேறு வகை. மலிவாகக் கிடைக்கிற செல்களில் பல துத்தநாக-கார்பன் வகை. உறையில் 'ஹெவி டியூட்டி' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து ஆல்கலைன் என்ற இன்னொரு வகை செல்லைவிட வலுவானது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் 1.5 வோல்ட்தான், ஆனால் ஆல்கலைன் செல்லில் அடங்கியிருக்கும் சக்தி பல மடங்கு. இன்னொன்று, துத்தநாக-கார்பன் செல்லில் உள்ளே இருக்கும் துத்தநாகக் குவளையே எதிர்மின் முனை. மின்சாரம் தரத் தர அந்தக் குவளையே கரைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் ஓட்டை விழுந்து கசியும். டார்ச்சில் போட்டு அலமாரியில் மறந்துவிட்டேன். திறந்தபோது சுருள் கம்பியைச் சுற்றி வெள்ளைப் பூச்சும் பச்சைக் கறையும் பிடித்திருந்தன. டார்ச்சை மீட்க முடியவில்லை, அதுவும் நல்ல டார்ச். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் இந்த செல் போதும், ஆனால் தீர்ந்ததும் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். எப்போதாவது எடுக்கிற சாதனத்தில் எந்த செல்லையுமே விட்டுவைக்காதீர்கள்; ஆல்கலைனும் கசியும்.

சார்ஜர் கேபிள் நாலு வாங்கி நாலும் போயின. எல்லாமே கழுத்தில்தான், அதாவது ஒயர் பிளக்குக்குள் நுழைகிற இடத்தில். அவற்றில் இரண்டு கணினியில் செருகினால் ஃபோனைக் காட்டவே காட்டாது. தகவல் போவதற்கான இரண்டு கம்பிகளே உள்ளே இல்லை, சார்ஜுக்கான இரண்டு மட்டும்தான். கம்பி மெலிதாக இருந்தால் தடை கூடும், சார்ஜ் ஏற நேரம் பிடிக்கும். இது பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம். சுவரில் செருகுகிற எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் வாங்கியது, அரை மணி நேரத்தில் பிளக்கைத் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. உடனே கழற்றினேன். அதன் ஒயரை வெட்டித்தான் குப்பையில் போட்டேன், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது. வீட்டு மின்சாரம் ஓடுகிற எதையும் விலை பார்த்து வாங்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, நல்லதும் நிறைய இருக்கிறது. கண்ணாடித் தம்ளர், பீங்கான் கிண்ணம், காகித உறை, வாழ்த்து அட்டை, பரிசு சுற்றும் தாள், ஒரே வார்ப்பாக வந்த எவர்சில்வர் கரண்டி எல்லாம் தாராளமாக வாங்கலாம். கைப்பிடியைத் தனியாக ஒட்டிய கரண்டி வேண்டாம், ஒட்டிய இடம் ஆடத் தொடங்கிவிடும். நோட்டைப் புரட்டினால் இதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது: போவது பெரும்பாலும் இணைப்பு, தனியாகப் பொருத்திய கீல், ஒட்டு, சுருள். ஒரே துண்டாக இருப்பவை ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன.

விலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோப்புத் தூள், பற்பசை மாதிரிப் பொருள்களில் விலை குறைந்ததுபோல் தெரியும், ஆனால் பாக்கெட்டே சிறியது. கிராமுக்கு எவ்வளவு என்று ஃபோனில் வகுத்துப் பார்த்தால், சில சமயம் சாதாரணக் கடையின் பெரிய பாக்கெட்தான் லாபம். இதை நான் முதல் இரண்டு ஆண்டுகள் பார்க்கவே இல்லை. மறுபக்கம், பழைய வடிவ உறை என்பதற்காகக் கழித்துவிடும் சரக்கும் அங்கே வரும். அப்படிக் கிடைத்தால், காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், பட்டியலில் இல்லாததை நான் எடுப்பதில்லை. கண்ணில் பட்டது பிடித்திருந்தால் பட்டியலின் கீழே எழுதிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அடுத்த முறை போகும்போதும் தேவை என்று தோன்றினால் வாங்குவேன். அப்படி எழுதியவற்றில் பாதிக்கு மேல் மறுமுறை தேவைப்படவே இல்லை.

இப்போது கொடியில் கறுப்பு கிளிப் பன்னிரண்டு தொங்குகின்றன. கறுப்பில் மார்க்கர் தெரியாது, அதனால் தேதி நோட்டில் இருக்கிறது. பதினான்கு மாதம் ஆகிறது. நேற்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். விரலில் மாவு ஒட்டவில்லை, சுருளில் மட்டும் துரு ஏறத் தொடங்கியிருக்கிறது.